துயரம் சுமக்கும் ஆங்கிலத் தொடர்கள்

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இரங்கற் கடிதம் ஒன்றைத் தமிழாக்கத் தந்திருந்தோம். ‘சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்னும் தொடரை மாணவர் ஒருவர், ‘உங்கள் நட்டத்திற்கு வருந்துகிறேன்’ எனப் பெயர்த்தார். அகராதிப்படி குற்றமில்லை. ஆயினும் தந்தையை இழந்த மகன் அதனைப் படிப்பின், கடை நொடித்தவனுக்கு எழுதியது போலன்றோ தோன்றும்! ஆங்கிலத்தின் ‘லாஸ்’ வாணிப நட்டத்தையும் உயிரிழப்பையும் ஒருங்கே சுட்டும். தமிழ் அவ்விரண்டையும் பிரித்தே வைத்துள்ளது. ‘சாரி’ என்பதும் ஈண்டு மன்னிப்புக் கோருவதன்று. நோவு என்னும் பொருளுடைய பழஞ்சொல்லோடு உறவுடையது அது. துக்க வீட்டில் அதனை ‘மன்னியுங்கள்’ எனப் பெயர்ப்போரை என்னென்பது?

இத்தகு தொடர்களின் வேர் அறிந்தாலன்றி அவற்றின் எடை புலப்படாது. ‘ஸாட்’ என்னும் எளிய சொல் பழைய ஆங்கிலத்தில் நிறைவு, தெவிட்டல் என்னும் பொருளில் வழங்கியது. தெவிட்டியது கனத்தது, கனத்தது துயரமாயிற்று. நாமும் ‘மனம் கனக்கிறது’ என்கிறோமே!

‘மெலங்கலி’ என்னும் சொல்லின் வரலாறோ நீண்டது. கிரேக்க மொழியில் கரும்பித்தம் என்பதே அதன் நேர்ப்பொருள். குருதி, கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கனுள் கரும்பித்தம் மிகின் மனச்சோர்வு உண்டாகும் என்பது பண்டை மருத்துவரின் கொள்கை. அரபு மருத்துவர் இதனை ‘மாலிகூலியா’ என வழங்கினர். இன்றைய துனிசியாவைச் சேர்ந்த கைரவான் நகரில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் இந்நோய் பற்றித் தனிநூலே யாத்தார். 11 ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் அதனைத் தழுவி இலத்தீனில் எழுதினார். இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலும் இந்நோயை ஆராய்கிறது. ராபர்ட் பர்ட்டன் 1621 இல் ஆங்கிலத்தில் இதுபற்றிப் பெருநூல் வெளியிடும் முன்னரே, அரபு மொழி இச்சொல்லைப் பன்னூறாண்டு போற்றி வைத்திருந்தது. யூனானி மருத்துவர் ‘ஸௌதா’ என இன்றும் கூறுவது அக்கரும்பித்தத்தையே. பழைய கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

கருமையைப் போன்றே நீலமும் ஆங்கிலத்தில் துயரின் நிறம். 14 ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரே கண்ணீருக்கு நீலம் என அடைகொடுத்துள்ளார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிசைக்கும் ‘புளூஸ்’ என்றே பெயர். ஆனால் நமது ‘நீலிக் கண்ணீர்’ நிறத்தால் வந்ததன்று; பழையனூர் நீலியின் கதையால் வந்தது. அப்பொய் அழுகைக்கு ஆங்கிலேயர் முதலையைத் துணைக்கழைத்தனர். அத்தொடர் ‘முதலைக் கண்ணீர்’ எனத் தமிழிலும் குடியேறிவிட்டது. நீலி இருக்க முதலை எதற்கோ!

‘டௌன் இன் த டம்ப்ஸ்’ என்பதைக் குப்பைமேட்டோடு இணைப்பாரும் உளர். மனவாட்டம் என்னும் பொருளில் ‘டம்ப்ஸ்’ 16 ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது; குப்பை கொட்டுமிடம் என்னும் பொருள் மிகப் பிந்தியது. சாமுவேல் ஜான்சன் தம் மனச்சோர்வைக் ‘கறுப்பு நாய்’ எனக் கடிதங்களில் குறித்தார். பின்னாளில் சர்ச்சிலும் அவ்வாறே குறித்தார். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிப்பவர் நாயைத் தேடுவாரேயன்றித் துயரை உணரார். தொண்டையில் கட்டி என அவர்கள் கூறுவதற்கோ ‘தொண்டை அடைத்தது’ என்னும் தொடர் நம்மிடம் ஆயத்தமாக உள்ளது.

அம்மாணவரிடம் தாளைத் திருப்பித் தந்து, இக்கடிதம் உம் தெருவிலுள்ள ஒரு வீட்டுக்குச் செல்வதாயின் எவ்வாறு எழுதுவீர் என வினவினோம். சற்றே எண்ணியவர், ‘தங்கள் வாப்பா வஃபாத்தான செய்தி கேட்டு மிகவும் வருந்துகிறோம்’ என எழுதித் தந்தார்.