இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பையில் கணக்குக்கு மட்டும் நான்கு நோட்டு இருக்கும்: வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, டெஸ்ட் நோட்டு, ரஃப் நோட்டு. முதல் மூன்றும் ஆசிரியர் பார்ப்பதற்காக எழுதுபவை. நான்காவது, போட்டுப் பார்த்துவிட்டு மறந்துபோவதற்கு. உங்களுக்காகவே எழுதி, நீங்களே திரும்பத் திரும்பப் புரட்டுகிற ஒரு கணக்கு நோட்டு உண்டா? பெரும்பாலும் இருக்காது. பரீட்சை நெருங்கும்போது கைடைப் பார்த்துச் சூத்திரங்களை வண்ணப் பேனாவால் எழுதிக்கொள்வதோடு சரி.

அப்படி ஒரு சொந்த நோட்டை எப்படி எழுதுவது? உலகத்திலேயே மிகவும் பெயர்பெற்ற கணக்கு நோட்டைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். அதைத் தேடித் தொலைதூரம் போகவேண்டாம். தஞ்சாவூர் ஜில்லாவில், காவிரிக் கரையில், கும்பகோணத்தில் படித்த ஒரு பையன் எழுதத் தொடங்கியது அது.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். பிள்ளை டவுன் ஹைஸ்கூலில் படித்தார். 1903-ஆம் ஆண்டு வாக்கில், பதினைந்து பதினாறு வயதில், ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதத் தொகுப்பு ஒன்று அவர் கைக்கு வந்தது. கார் பெரிய கணித மேதை அல்லர். லண்டனில் மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார்செய்த டியூஷன் ஆசிரியர். கணிதத்தின் பல கிளைகளிலிருந்தும் ஏறத்தாழ 5,000 முடிவுகளை எடுத்து, எண் போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தார். விளக்கம் மிகக் குறைவு. பல இடங்களில் விளக்கமே கிடையாது.

சரியாகச் சொன்னால் அந்தப் புத்தகமே ஒரு பரீட்சைக் குறிப்புதான். வேறொரு மாணவர் அதை மனப்பாடம் செய்திருப்பார். ராமானுஜன் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது எப்படி வந்திருக்கும் என்று தானே போட்டுப் பார்த்தார். போடும்போது புத்தகத்தில் இல்லாத புதிய முடிவுகளும் கிடைத்தன. அவற்றைத் தனியே எழுதி வைக்கத் தொடங்கினார். குறிப்பு ஒன்றுதான், அதைப் பார்த்து எழுதுகிறவருக்கும் அதோடு மல்லுக்கட்டுகிறவருக்கும் கிடைக்கும் பலன் வேறு வேறு.

காகிதம் அவருக்குக் கட்டுப்படியாகாத செலவு. அதனால் கணக்கெல்லாம் சிலேட்டில்தான். பலப்பத்தால் எழுதி, முழங்கையாலேயே அழித்து, மறுபடி எழுதுவார். முடிவு கிடைத்தபின் அதை மட்டும் நோட்டில் ஏற்றுவார். இப்படி மூன்று நோட்டுகள் சேர்ந்தன. அவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. இரண்டாம் நோட்டின் முதல் அத்தியாயம் எதைப் பற்றியது தெரியுமா? மாயச் சதுரம்! குறுக்கே, நெடுக்கே, மூலைவிட்டமாக எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வருமே, அந்தச் சதுரம்தான். இந்தப் பகுதி அவருடைய பள்ளிக்கூட நாட்களில் பிறந்திருக்க வேண்டும் என்று அந்த நோட்டுகளை ஆராய்ந்த புரூஸ் பெர்ண்ட் கருதுகிறார். ஆக, உங்கள் வயதில் யோசித்த விஷயத்துக்கும் அந்த நோட்டில் இடம் இருந்தது.

ராமானுஜனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் இரண்டு. முதலாவது, முதல் நோட்டை எழுதத் தொடங்கியபோது அவர் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினார். பிற்பாடுதான் மறுபக்கங்களையும் பயன்படுத்தினார். இரண்டாவது இதைவிட முக்கியம். முதல் நோட்டோடு அவர் நின்றுவிடவில்லை. அதில் உள்ளதைத் திருத்தி, ஒழுங்குபடுத்தி, புதிதாகக் கண்டதையும் சேர்த்து மறுபடியும் எழுதினார். அப்படி விரிந்ததுதான் இரண்டாம் நோட்டு. நாற்றங்காலில் வளர்ந்ததைப் பறித்து வயலில் இடம் விட்டு நடுகிறோமே, அது போன்ற வேலை. நாற்றங்காலிலேயே விட்டுவைத்தால் பயிர் நெருக்கியடித்துக்கொண்டு வீணாகும்.

இனி நம் நோட்டுக்கு வருவோம். வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். வலப்பக்கத்தில் என்ன எழுதுவது என்பதற்கு நம் ஊர் நிலத்தையே எடுத்துக்கொள்கிறேன். டெல்டாவில் இன்றும் நிலத்தை மா கணக்கில் சொல்வார்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு குழி 144 சதுர அடி என்றால் ஒரு மா 14,400 சதுர அடி. மூன்று மா சேர்ந்தால் 43,200. ஓர் ஏக்கரோ 43,560 சதுர அடி. மூன்று மா ஓர் ஏக்கர் என்று தாத்தா சொல்வது எவ்வளவு நெருக்கமான கணக்கு, பாருங்கள்!

இப்போது 12-க்கு இருபுறமும் உள்ள எண்களைப் பெருக்குங்கள். 11 × 13 = 143. 144-க்கு ஒன்று குறைவு. வேறு எண்ணில் பார்ப்போம். 20 × 20 = 400; 19 × 21 = 399. அதே ஒன்று. 7 × 7 = 49; 6 × 8 = 48. எப்போதும் ஒன்றுதான் குறைகிறது.

கைடு இத்தோடு நிறுத்திவிடும். உங்கள் நோட்டு நிறுத்தக்கூடாது. முடிவுக்குக் கீழே 'ஏன்?' என்று ஒரு கேள்வி போட்டு, பதிலை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். நான் இப்படி எழுதுவேன்: ஒரு குழி நிலத்தை வரைகிறேன். ஒரு பக்கத்தில் ஓர் அடி அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி எடுக்கிறேன். மிச்சம் 11 அடிக்கு 12 அடி. வெட்டிய பட்டை 12 அடி நீளம். அதை 11 அடிப் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டுகிறேன். நிலம் இப்போது 11 அடிக்கு 13 அடி ஆகிவிட்டது. பட்டையில் ஓர் அடிக்கு ஓர் அடித் துண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குறைந்த அந்த 1 அதுதான்!

சதுரமாக இருந்தபோதும் சுற்றி வரப்பு 48 அடி. செவ்வகமான பிறகும் 48 அடியேதான். வரப்பின் நீளம் மாறவில்லை, ஆனால் நிலம் ஒரு சதுர அடி குறைந்துவிட்டது. சுற்றளவு ஒன்றாக இருந்தால் பரப்பும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்தத் தவறையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். உங்கள் விடைத்தாளில் சிவப்பு மையில் வட்டம் போடப்பட்ட ஒவ்வொரு தவறுக்கும் இந்த நோட்டில் இடம் உண்டு. (3 + 4)-இன் வர்க்கம் 9 + 16 = 25 என்று ஒருவர் எழுதியிருந்தால், சரியான விடை 49 என்று திருத்துவது மட்டும் போதாது. 7 அடிச் சதுரத்தை 3, 4 என்று வரப்பு போட்டுப் பிரித்து வரையுங்கள். இரண்டு சதுரங்களோடு 12 சதுர அடிச் செவ்வகங்கள் இரண்டு மூலைக்கு ஒன்றாக நிற்கும். விட்டுப்போன 24 கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அந்தத் தவறு மறுபடி வராது.

இடப்பக்கம் எதற்கு? பிற்பாடு வரப்போகும் விருந்தாளிகளுக்கு. காரணிப்படுத்தல் பாடம் வரும்போது இதே முடிவு எழுத்துகளில் வரும். அதை அங்கே எழுதுங்கள். 29 × 31 என்ன என்று யாராவது கேட்டால் 900-இல் ஒன்று போக 899 என்று பேனாவே எடுக்காமல் சொல்வீர்கள், அதையும் எழுதுங்கள். வர்க்கமூலம் படிக்கும்போது, √(1 + 11 × 13) = 12 என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். இது மிக முக்கியமான விருந்தாளி. ஏனென்றால் இதைப் பிடித்துக்கொண்டுதான் ராமானுஜன் ஓர் அதிசயமான இடத்துக்குப் போனார்.

3 = √(1 + 2 × 4) என்று எழுதலாம். அதில் உள்ள 4-ஐ √(1 + 3 × 5) என்று எழுதலாம். அந்த 5-ஐ √(1 + 4 × 6) என்று எழுதலாம். அந்த 6-ஐ...? நிறுத்தவே வேண்டாம்.

3 = √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வலப்புறம் உள்ள இந்த முடிவில்லாத கோவையை மட்டும் கொடுத்து, இதன் மதிப்பு என்ன என்று ராமானுஜன் வாசகர்களைக் கேட்டார். மாதங்கள் கடந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. இதைவிடப் பொதுவான ஒரு சூத்திரம் அவர் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. மூலம் என்னவோ, நீங்கள் குழி நிலத்தில் வெட்டி ஒட்டிய அதே பட்டைதான்.

கால்குலேட்டரில் சோதித்துப் பாருங்கள். √(1 + 2) ஏறத்தாழ 1.73. இன்னும் ஒரு படி உள்ளே போனால் 2.24. அடுத்து 2.56, பிறகு 2.76, பிறகு 2.87. மெல்ல மெல்ல 3-ஐ நோக்கி ஏறுகிறது. முடிவில்லாமல் போனாலும் 3-ஐத்தான் நெருங்கும் என்பதற்குத் தனியாக நிரூபணம் வேண்டும். அது மேல்வகுப்புக் கணிதம். 'இது பிறகு' என்று இடப்பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். தெரியாததைக் குறித்து வைப்பதும் குறிப்புதான்.

ராமானுஜனிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்றும் உண்டு. அவர் நோட்டில் 'ஏன்' கிடையாது. வழியெல்லாம் சிலேட்டோடு அழிந்துவிட்டது. முடிவு மட்டும்தான் தங்கியது. தமக்காக எழுதியவருக்கு அது போதும், வழி அவர் தலைக்குள் இருந்தது. 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் அவர் இறந்தபோது அந்த வழியும் அவரோடு போய்விட்டது. மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அந்த நோட்டுகளை 1957-இல் அவருடைய கையெழுத்திலேயே படியெடுத்து வெளியிட்டது. அவற்றின் முடிவுகளுக்கெல்லாம் நிரூபணம் தேடி எழுதும் வேலையை அமெரிக்காவில் பெர்ண்ட் மேற்கொண்டார். முதல் தொகுதி 1985-இல் வந்தது, ஐந்தாவது 1998-இல். இதற்கிடையில் 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ராமானுஜனின் கடைசி நாட்களைச் சேர்ந்த தாள்களைக் கண்டெடுத்தார். அவற்றுக்கும் ஐந்து தொகுதிகள் ஆயின. கடைசித் தொகுதி 2018-இல் வந்தது. முடிவுகளில் மிகப் பெரும்பாலானவை சரி என்று தெரிந்தது. ஆனால் அதைக் காட்ட எத்தனை பேருடைய எத்தனை ஆண்டு உழைப்பு! நம் நோட்டில் இரண்டு வரி 'ஏன்' எழுதாவிட்டால், மூன்று மாதம் கழித்து நமக்கே நம் நோட்டு புரியாது.

இன்னொரு விஷயம். எப்போது எழுதுவது? புத்தகத்தை மூடிய பிறகு. நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாற்று எல்லாம் படித்தார்கள். நெல்லிலக்கம் என்றால் நாழி, மரக்கால், கலம் என்று நெல் அளக்கும் கணக்கு. குழிமாற்று என்றால் நிலம் அளப்பதற்கான வர்க்க வாய்பாடு. முதலில் வாயால் சொல்லி, மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். ஓலை அதற்குப் பிறகுதான். மனத்தில் ஏறியது ஓலைக்கு வந்தது. அந்த வரிசை எனக்கு மிகவும் சரியென்று படுகிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனையும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து அவர்களை முந்திவிட்டார்கள். பரீட்சை எப்போதும் ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லையே!

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். நின்றுபோன இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பிறகு திறந்து பாருங்கள். அந்தப் புள்ளிதான் நீங்கள் மறுபடி படிக்க வேண்டிய இடம். காலாண்டு முடிந்ததும் நோட்டு முழுவதையும் ஒருமுறை திரும்ப எழுதுங்கள். இருபது பக்கம் எட்டாகச் சுருங்கினால் பாடம் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டை 2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. கும்பகோணம் போனால் அவசியம் பாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் புது நோட்டின் முதல் வலப்பக்கத்தில் எழுத ஒரு கணக்கு தருகிறேன். 1911-இல் அதே கேள்வியில் ராமானுஜன் கேட்ட இரண்டாம் பகுதி இது:

√(6 + 2√(7 + 3√(8 + 4√(9 + …))))

விடை 4. அதை நானே சொல்லிவிட்டேன். 4 = √(6 + 2 × 5) என்று தொடங்குங்கள்; 5-ஐயும் 6-ஐயும் எப்படி உடைப்பது என்று கண்டுபிடித்து, ஏன் என்பதை உங்கள் வாக்கியத்தில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.