பெட்டிமேல் சிரிக்கும் பிள்ளை

உறுவையாற்றுக்கு வரும் அன்பர்கள் தெருமுனையில் ஒரு பதாகையைக் காணலாம். ஓராண்டு நிரம்பிய குழந்தை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கழுத்திலே கனத்த சங்கிலி, முதுகுக்குப் பின்னே திரைப்பட நடிகர்! கீழே மாமன்மார் முகங்கள் வரிசை வரிசையாக. பெற்றோர் மகிழட்டும், அதிலே நமக்கென்ன வருத்தம்? ஆனால் குழந்தையைக் காட்டி இங்கே விற்கப்படுவது எது என்று கேட்கத் தோன்றுகிறதே!

பிள்ளை முகத்தைக் காட்டிப் பொருள் விற்கும் கலை புதிதன்று. மர்பி வானொலிக்காரர்கள், விரலை உதட்டில் வைத்த ஒரு கொழுகொழு குழந்தையை விளம்பரத்தில் காட்டினார்கள். வானொலி வாங்க வழியற்ற வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் தொங்கிற்று.

பட்டாசுப் பெட்டியைப் பாருங்கள். மேலே மத்தாப்புப் பிடித்துச் சிரிக்கும் பிள்ளை. 1980களில் உள்ளே இருந்ததைச் செய்தது யார்? அதுவும் பிள்ளைதான்! சிவகாசியைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்து கோழி கூவுமுன் ஆலை வண்டி அள்ளிச் சென்ற பிள்ளை. பெட்டியில் இடம்பெறாத அந்த முகத்தை 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தில் காட்டினார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கிலே 10-12-1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது: ஆபத்தான தொழிலில் சட்டத்தை மீறி வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். படம்தான் தீர்ப்பைத் தந்தது என்று சொல்ல வரவில்லை. மறைத்ததைக் காட்டியது; அது போதும்.

இந்த வழியிலே முன்னோடி அமெரிக்காவின் லூயிஸ் ஹைன். பள்ளி ஆசிரியராயிருந்தவர். 1908இல் குழந்தைத் தொழிலுக்கு எதிரான தேசியக் குழுவுக்காகக் கேமராவைத் தூக்கினார். வேதநூல் விற்பவர்போல வேடமிட்டு ஆலைக்குள் நுழைவார். சட்டைப் பைக்குள்ளேயே கையை விட்டுக் குறிப்பெழுதுவார். பிள்ளையின் உயரத்தை எப்படி அளந்தார் தெரியுமோ? தம் கோட்டுப் பொத்தான்களைக்கொண்டு! வட கரோலினாவின் விட்னல் நூற்பாலையிலே ஒரு சிறுமி: உயரம் 51 அங்குலம், நாட்கூலி 48 சென்ட். வயதைக் கேட்டார். நினைவில்லை என்றாள். பிறகு மெல்ல, வேலைக்குரிய வயது தனக்கில்லை, ஆனாலும் செய்கிறேன் என்று சொன்னாளாம். அப்படத்தைக் காட்டி எந்தக் கடைக்காரன் எதை விற்க முடியும்? நாடு முழுமைக்கும் நிலைத்து நின்ற சட்டம் வந்தது 1938இல்தான். முப்பது ஆண்டு!

மீண்டும் நம் தெருமுனைக்கு வருவோம். கம்பத்திலேறி அந்தப் பதாகையைக் கட்டியவனுக்கு வயதென்ன? கைப்பேசியோடு கீழே நிற்கும் அன்பர் அதையும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கட்டுமே!