உங்களுக்குத் தெரியுமா? மவுத் ஆர்கனில் சுரம் வளையும்!

● 10 துளை டயட்டானிக் மவுத் ஆர்கனில் 20 ரீடுகள் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடுகள்). துளைக்கு இரண்டு: ஊத ஒன்று, உறிஞ்ச ஒன்று.

● எல்லா அரைச்சுரங்களும் இதில் கிடையாது. விடுபட்ட சிலவற்றை நாக்கை நகர்த்தியே வரவழைக்கும் உத்திதான் ‘பெண்டிங்’. வாயின் உள்வெளி மாறினால் சுரம் இறங்கும். உறிஞ்சும்போது சுரம் நன்றாக வளைந்துவிட்டால், பெரும்பாலும் ஒலிப்பது ஊதுவதற்கான ரீட்தான்!

● 1 முதல் 6 வரையுள்ள துளைகளில் உறிஞ்சும்போது வளையும். 7 முதல் 10 வரை ஊதும்போது. 3ஆம் துளையில் மூன்று அரைச்சுரம்வரை இறங்கலாம். 5, 7இல் ஒரு அரைச்சுரம்கூட முழுதாக இறங்காது.

● பழக 4ஆம் துளை வசதியானது. மெதுவாக உறிஞ்சியபடியே, உதட்டை அசைக்காமல், நாக்கை மட்டும் ‘ஈ’ ஒலிக்கும் இடத்திலிருந்து ‘ஊ’ ஒலிக்கும் இடத்துக்குப் பின்னிழுங்கள். சுரம் சரியா என்பதை ட்யூனர் செயலி காட்டும். பலமாக இழுத்தால் ரீட்தான் கெடும்.

● ஜெர்மனியின் ஹோனர் நிறுவனம் 1896இல் கொண்டுவந்த ‘மரைன் பேண்ட்’ மவுத் ஆர்கனில் இந்த வளைவுகளைத் தங்கள் பாணியாகவே ஆக்கியவர்கள், அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள்.