பழுதுநீக்கும் உரிமைக்கு உதிரிபாகம் வேண்டும்

வையம்பட்டியில் என் வீட்டிலுள்ள பழைய மேல்மூடி வகைச் சலவை இயந்திரத்தை அண்மையில் பிரித்துச் சீராக்கினேன். மோட்டாரின் செப்புச் சுருள் நன்றாகவே இருந்தது. ஆயில் சீல் தேய்ந்ததால் நீர் உள்ளிறங்கி, பேரிங் துருவேறியிருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் அதை விரைவுபடுத்தியிருக்கும். (மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கும்; கைவைப்போர் கவனிக்க.)

பேரிங், சீல், பெல்ட் ஆகியவை பொது அளவுகளில் வருபவை. பொறித்துள்ள எண்ணைச் சொன்னதும் திருச்சிக் கடையில் கிடைத்தன. துணியைச் சுழற்றும் பல்சேட்டர் அப்படியன்று; அந்த மாடலுக்கே உரியது. அதன் உட்பற்கள் மழுங்கியிருந்தன. தயாரிப்பு நின்றுவிட்டது என்றார்கள். கடைசியில் பழைய இரும்புக்கடையில் கிடந்த இன்னோர் இயந்திரத்திலிருந்து கழற்றி வந்தேன். ஒரு பிளாஸ்டிக் தட்டு இல்லையென்றால் நல்ல மோட்டாரும் குப்பைதான். விற்றவருக்கோ அது புதிய விற்பனை. பொருளியலில் இதைச் சந்தை ஆதிக்கம் என்போம்.

நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. அது தகவல் தருகிறது; உதிரிபாகம் தரும்படி எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்றபின் குறைந்தது 10 ஆண்டுகளுக்குச் சலவை இயந்திரங்களின் முக்கிய உதிரிபாகங்களைத் தந்தாக வேண்டும். இங்கே இயந்திரங்கள் இரண்டாம் வீட்டுக்குக் கைமாறிய பின்னும் ஓடுகின்றன. நமக்கு அந்த 10 ஆண்டும் போதாது.