சூப்பர் கோப்பை: சிறிய அணிகளுக்குத் திறக்கும் கதவு

லீக் தொடரில் கோப்பையை வெல்ல ஓர் அணி மாதக்கணக்கில் ஆடிப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். நாக்-அவுட் முறையில் ஒரே தோல்வி அணியை வெளியேற்றிவிடும். பலம் குறைந்த அணிகளுக்கு இந்த முறையே சாதகம்.

இந்தியாவில் ஐஎஸ்எல், ஐ-லீக் அணிகள் நேருக்கு நேர் மோதும் போட்டிகளுள் சூப்பர் கோப்பை முக்கியமானது. 1977 முதல் 2017 வரை நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பைக்கு மாற்றாக, 2018-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இதைத் தொடங்கியது.

2019-இல் புவனேசுவரத்தில் நடைபெற்ற போட்டியில் ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டி, ஐஎஸ்எல் சாம்பியனான பெங்களூரு எஃப்சியைக் காலிறுதியில் 2-1 என வீழ்த்தியது. அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் 0-3 எனத் தோற்றது. இறுதி ஆட்டத்தில் கோவா 2-1 என்ற கணக்கில் சென்னையின் எஃப்சியை வென்றது. ஐ-லீக் அணிகள் பல அவ்வாண்டுப் போட்டியைப் புறக்கணித்ததால், இரு லீக் அணிகளின் பலத்தை ஒப்பிடும் வாய்ப்பு முழுமையாக அமையவில்லை.

2022-23 பருவம் முதல் ஐ-லீக் இரண்டாம் நிலைத் தொடரானது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் சூப்பர் கோப்பையில் குழுச் சுற்று இடம்பெற்றது. ஓர் ஆட்டத்தில் சறுக்கினாலும் மீண்டெழ அவகாசம் தரும் அம்முறை பெரிய அணிகளுக்கே வசதியானது.

2025-இல் நாக்-அவுட் முறை திரும்பியதும் ஐ-லீக் அணியான இன்டர் காசி, பெங்களூருவை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது. 1-1 எனச் சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் பெனால்டி வாய்ப்புகளில் 5-3 என வென்றது. ஆயினும் கோப்பை கோவாவுக்கே சென்றது. அதனுடன் ஆசிய சாம்பியன்ஸ் லீக்-2 தகுதிச்சுற்று வாய்ப்பும் கிடைத்தது.