வெட்டுத்துணியில் தானப் போர்வை... எந்தக் கலர் நூல் போடுவது?

டெய்லர் கடை மேஜைக்கு அடியில் ஒரு சாக்கு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? பிளவுஸ் வெட்டியதில் மிஞ்சிய முக்கோணம், சுடிதார் கழுத்தில் விழுந்த அரைவட்டம், உயரம் குறைத்த பேன்ட்டின் கால் வளையம் என எல்லாம் அதற்குள்தான் போகும். நிரம்பியதும் எடைக்குப் போட்டுவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி தொழிற்பேட்டை பக்கத்தில் இருந்தால், இந்தத் துணிக்கு 'வேஸ்ட்' என்றே பெயர். மெஷினில் வழியும் ஆயிலை ஒருமுறை துடைத்தால் அதன் கதை முடிந்தது.

அதே துண்டுகளைச் சேர்த்து, அடுக்கி, தையல் மெஷினில் ஓட்டினால் ஒரு குழந்தை சில வருடங்கள் படுத்துத் தூங்கலாம். வெளிநாட்டில் இதைக் 'குயில்ட்' என்கிறார்கள். தைத்துத் தானம் கொடுப்பதற்கென்றே அமைப்புகள் உண்டு. அமெரிக்காவில் கேரன் லவுக்ஸ் என்ற பெண் 1995-ல் தொடங்கிய 'பிராஜெக்ட் லைனஸ்', நோயுற்ற குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வைகளைக் கொடுக்கிறது.

'நம்ம ஊர் வெயிலுக்குப் போர்வையா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், மழைக்காலம் முடிந்ததும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு, மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா போன்ற மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சூளை ஓரத்துக் குடிசையில் மண் தரைதான் படுக்கை. பகலில் விரிப்பு, பனி இறங்கும் தை மாத இரவில் போர்வை என இரண்டு வேலைக்கும் ஒரே துணி இருந்தால் அவர்களுக்கு எவ்வளவோ உதவி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி ஒன்று வந்து வீட்டில் இருப்பதையெல்லாம் நனைத்துப் போனால், முதலில் தேடுவதும் காய்ந்த விரிப்பைத்தான். அதனால் அமெரிக்கக் குயில்ட் மாதிரி நடுவில் பஞ்சு வைக்க வேண்டியதில்லை. பழைய காட்டன் சேலையையோ பெட்ஷீட்டையோ இரண்டாக மடித்து வைத்தால் போதும். சீக்கிரம் காயும்.

சரி, இதில் நூலின் கலருக்கு என்ன அவ்வளவு முக்கியத்துவம்?

நம் ஊரில் 'ஒட்டுப் போட்ட துணி' என்றால் வறுமை என்று அர்த்தம். கொடுப்பவருக்குக் கலைப்பொருளாகத் தெரிவது, வாங்குபவருக்குக் கந்தலாகத் தெரிய வாய்ப்பு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணிகளில் பெரும்பகுதி உடுத்த லாயக்கில்லாதவை. வீடு இழந்து நின்ற மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் மட்கின.

அப்படி மலைபோல் குவிந்ததை எடுத்து, தரம் பிரித்து, மறுபடி பயனுள்ளதாக மாற்றும் வேலையில் இறங்கியது, 'கூஞ்ச்' அமைப்பு. அன்ஷு குப்தா 1999-ல் டெல்லியில் தொடங்கியது இது. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. உடுத்த முடியாத துணியிலிருந்து இவர்கள் தயாரிப்பவற்றில் ஒன்று, 'சுஜினி' என்ற தையல் விரிப்பு. பொருள் பழசாக இருக்கலாம், கொடுக்கும்போது குப்பையாக இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

கந்தலா, பரிசா என்பதைப் பார்த்ததும் காட்டிக்கொடுப்பது தையல்தான். கையில் அகப்பட்ட நூலில், பாதி சிவப்பு பாதி பச்சை என்று ஓட்டியிருந்தால், 'ஏதோ ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்' என்று அதுவே சொல்லிவிடும்.

மறைக்கலாமா, காட்டலாமா?

நம் நாட்டுப் பாட்டிகள் இந்தக் கேள்வியை எப்போதோ தாண்டிவிட்டார்கள். வங்காளத்தில் 'காந்தா' தைத்தவர்கள், பழைய சேலையின் பார்டரிலிருந்து வண்ண இழைகளை உருவியே தைத்தார்கள். நூலுக்குத் தனிச் செலவில்லை. சேலையின் நிறமே நூலின் நிறமும். பீகாரின் சுஜனியில் உருவங்களின் ஓரத்தை அடர் நிற நூலில் எடுப்பாகக் காட்டுவார்கள். பின்னணியை நிரப்பும் ஓட்டுத்தையலுக்கோ, துணியின் நிறத்திலேயே நூல். ஒரே விரிப்பில் ஒரு நூல் பேசும், இன்னொரு நூல் அடங்கி நிற்கும். கர்நாடகாவின் உத்தர கன்னடப் பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' இன்னொரு ரகம். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் 'பூல்' என்று துணிப் பூ வைக்காமல் முடிக்க மாட்டார்கள். உள்ளே அத்தனையும் கிழிசல் துணி. ஆனாலும் அந்தப் பூ, கண்டிப்பாக வேண்டும்!

அவை கைத்தையல். மெஷின் தையலில் கோடு நேராக, இடைவிடாமல் ஓடுவதால் நூலின் நிறம் இன்னும் பளிச்சென்று தெரியும். இருபது நிறத் துண்டுகள் உள்ள விரிப்பில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் நூல் என்று ஒன்று கிடையாது. பலரும் 'பொதுவான கலர்' என்று வெள்ளையை எடுப்பார்கள். கறுப்பு, நீலத் துண்டுகளின் மேல் அது ஓடும்போது ஒவ்வொரு தையலையும் எண்ணிவிடலாம். கொஞ்சம் கோணல் என்றாலும் ஊருக்கே தெரியும்.

என் ஓட்டு, நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு. நீலம், பச்சை, ஊதா அதிகமுள்ள விரிப்பில் அது காணாமலே போய்விடும். சிவப்பு, மஞ்சள், மெரூன் அதிகம் என்றால் மங்கிய சந்தனம் அல்லது பிஸ்கட் கலர். கைப்பழக்கம் நன்றாக இருந்து, கோடு நேராக வரும் என்ற தைரியம் இருந்தால் மட்டும் எடுப்பான நிறத்துக்குப் போங்கள். கரும்பச்சை விரிப்பில் மாம்பழ மஞ்சள் நூல் அத்தனை அழகு.

நூல்கண்டைத் துணிமேல் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்டில் இழைகள் நெருங்கியிருப்பதால் நிறம் அடர்த்தியாகத் தெரியும். ஒரு முழம் உருவி, நான்கைந்து துண்டுகளுக்குக் குறுக்கே ஒற்றை இழையாகப் போட்டுப் பாருங்கள். அதுவும் டியூப்லைட்டில் வேண்டாம். ஜவுளிக் கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்க்கும் அம்மாக்கள் செய்வதுதான் சரி.

பாபினிலும் அதே நிறமோ, அதற்கு நெருங்கிய நிறமோ இருக்கட்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று போட்டால், டென்ஷன் சற்று மாறினாலும் அடிநூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். அடித்துணி பூப்போட்டதாக இருந்தால் சின்னச் சின்னக் குறைகளை அது மறைத்துக்கொள்ளும்.

கல்லில் அடித்துத் துவைப்பார்கள்!

இது ஷோகேஸில் வைக்கும் பொருள் இல்லை. சூளைக் குடிசையில் கல்லில் அடித்துத் துவைப்பார்கள், வெயிலில் போடுவார்கள். எம்பிராய்டரிக்கான பளபள நூல் இதற்குத் தாங்காது. தையல் கடைகளில் கிடைக்கும் சாதாரண பாலியஸ்டர் நூல் போதும். (தையல் நூலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய சரித்திரமே உண்டு. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தில் தொடங்கிய நூற்பாலையின் வழிவந்ததுதான் மதுரா கோட்ஸ்.) அலமாரியில் பல வருடமாகக் கிடக்கும் கண்டு என்றால் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் வேண்டாம்.

நூலைப் போலவே துண்டுகளையும் சோதிக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். முக்கியமாகச் சிவப்பும் கருநீலமும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏற்றிய துணியில் உப்பு அப்படி ஒன்றும் பிடித்து நிறுத்துவதில்லை. அடுப்புப் பக்கத்தில் படுப்பவர்களுக்கு என்றால் நைலான், சிந்தெடிக் துண்டுகளையும் தவிர்க்கவும். நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டும்.

வீட்டில் இருக்கும் கால் மிதி மெஷினே போதும். 16-ம் நம்பர் ஊசி, சற்று நீளமான தையல். அடுக்குகளைக் கையகலத்துக்கு ஒரு ஊக்கு போட்டு நிறுத்தி, நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி ஓட்டினால் சுருக்கம் வெளியே தள்ளப்படும். மேல் துணி மட்டும் நகர்ந்தால், பிரஷர் ஃபுட்டின் மேலிருக்கும் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். கோட்டுக்குக் கோடு நான்கு விரல் இடைவெளி. குழந்தைக்கு 36 அங்குலச் சதுரம், பெரியவர்களுக்கு ஐந்தடிக்கு ஏழரை அடி.

தைத்து முடித்ததும் ஒருமுறை நீங்களே துவைத்துப் பாருங்கள். எந்தத் தையல் விடும், எந்தத் துண்டு சுருங்கும் என்பது அப்போது தெரிந்துவிடும். நூல் முனைகளை வெட்டி, ஊக்கு ஏதும் உள்ளே மாட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு மடியுங்கள். கொடுக்கும் இடத்தில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்று முன்பே கேட்டுக்கொண்டு போனால், ஒரு வீட்டுக்குக் கொடுத்துப் பக்கத்து வீட்டை வெறுங்கையாக விட்டு வர வேண்டியிருக்காது.