ஹப் வாங்கப் போகிறீர்களா? முதலில் ரேடியோவைப் பாருங்கள்

அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு விற்ற ‘ரிவால்வ்’ ஸ்மார்ட் ஹோம் ஹப், 2016 மே மாதத்தோடு வெறும் டப்பாவாகிவிட்டது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. ரிவால்வை விலைக்கு வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் அதன் சர்வரை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

விளக்கு, ஏ.சி., கதவு சென்சார் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்குவதுதான் ஹப்பின் வேலை. கடையில் அதைப் பேச வைத்துக் காட்டுவார்கள். நாம் கேட்க வேண்டியவை இரண்டு: உள்ளே என்னென்ன ரேடியோ (சாதனங்களோடு கம்பியில்லாமல் பேசும் வசதி) இருக்கிறது? நெட் போனாலும் வேலை செய்யுமா?

வைஃபை சாதனங்கள் பெரும்பாலும் ஹப் இல்லாமலே ரவுட்டரோடு சேர்ந்துவிடும். ஆனால் மின்சாரம் அதிகம் இழுக்கும். சிறிய பேட்டரி சென்சாருக்குச் சரிப்படாது. அந்த இடத்துக்கு வந்த ரேடியோ வகைகள்தான் ஜிக்பீயும் த்ரெட்டும். இவற்றில் சாதனத்துக்குச் சாதனம் சிக்னலைக் கைமாற்றும். ஹப் ஹாலில், சென்சார் கொல்லைக் கதவில், நடுவில் இரண்டு சுவர் என்றால், நடு அறையில் அதே ரேடியோ உள்ள ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டால் போதும். பேட்டரியில் ஓடுபவை இப்படிக் கைமாற்றாது. பழக்கதோஷத்தில் யாராவது அந்தப் பிளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டால் தொடர்பு அறுந்துவிடும்.

வைஃபை புழங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இவையும் ஓடுகின்றன. அதனால் ஹப்பை ரவுட்டரோடு ஒட்டி வைக்காமல் சில அடி தள்ளி வையுங்கள்.

இசட்-வேவ் என்ற இன்னொரு ரேடியோ வகைக்கு இந்த நெரிசல் கிடையாது. ஆனால் அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908. அங்கிருந்து உறவினர் ஆசையாக வாங்கி வரும் சென்சார், இங்கே வாங்கிய ஹப்போடு சேராது.

2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’, ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் முதலான நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய பொது விதிமுறை. அது தனி ரேடியோ அல்ல. வைஃபை, த்ரெட் ஆகியவற்றின் மேல் ஓடுவது. த்ரெட்டில் ஓடும் மேட்டர் பல்புக்கு, த்ரெட்டை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் ‘த்ரெட் பார்டர் ரவுட்டர்’ வசதியுள்ள ஹப் வேண்டும். பெட்டியில் மேட்டர் முத்திரையை மட்டும் பார்த்துப் பணத்தை நீட்டிவிடாதீர்கள்.

வாங்கும் முன் வீட்டில் இருப்பவை, அடுத்து வாங்கப் போகிறவை, ஒவ்வொன்றின் ரேடியோ என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றோடு பேசக்கூடியதாக, வீட்டுக்குள்ளேயே கட்டளைகளை நிறைவேற்றுவதாக ஒரு ஹப்பைத் தேர்ந்தெடுங்கள். அதையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள்.